பச்சை மரம்

திருமுல்லைவாயில் ஸ்டேஷனுக்குப் பின்னாடி என் தையல் கடை. ஒரு மிஷின், ஒரு ஸ்டூல். ஜாக்கெட் தைப்பேன், சுடிதார் பிடிச்சுக் கொடுப்பேன்.

போன வருசம் ஒரு பொண்ணு கறுப்பு அங்கி ஒண்ணு எடுத்துகினு வந்தா. பூந்தமல்லிப் பக்கம் காலேஜ்ல நர்சிங். ஊரு பாலஸ்தீனம். நாலு வருசத்துல நம்ம பேச்சு வந்துடுச்சு.

அங்கி அவ அம்மாவோடது. 'தோப்'னு பேராம். கணுக்கால் வரைக்கும் வரும். மார்பு பூரா சிவப்பு நூல்ல கைத்தையல், பெருக்கல் குறி பெருக்கல் குறியா. கீழ மர வரிசை, நம்ம சவுக்கு மாதிரி ஒல்லி மரம். திருப்பிப் பார்த்தேன். உள்பக்கமும் வெளிப்பக்கம் போலவே சுத்தம். முப்பது வருசமா தைக்கிறேன், எனக்கு அது வராது.

மார்புத் தையலைப் பார்த்தே எந்த ஊர்க்காரின்னு சொல்லிடுவாங்களாம். பாட்டி காலத்துலயே அங்கேர்ந்து துரத்திட்டாங்களாம், அந்த ஊரை அவ பார்த்ததில்ல. அவ அம்மாவும் பார்த்ததில்ல. துணியில மட்டும் கீது.

பட்டம் வாங்குற அன்னிக்கு அதைப் போட்டுக்கணும், போட்டோ எடுத்து அம்மாவுக்கு அனுப்பணும்னா. அம்மா இன்னும் பாலஸ்தீனத்துலதான். போன் சில நாள் போகும், பல நாள் போகாது. அம்மா பருமன், இவ குச்சி. ரெண்டு பக்கமும் பிடிக்கணும். வெட்டிடாதீங்க, பின்னால பிரிச்சு விடணும்னு சொல்லிட்டுப் போனா. வெட்டல.

வேலை முடிஞ்சு மாட்டி வெச்சேன். எதிர்ல தள்ளுவண்டியில அயர்ன் பண்றவரு உத்துப் பார்த்தாரு.

"இன்னாக்கா, ஒரு மரம் மட்டும் பச்சையா கீது? மத்ததெல்லாம் வெயில்ல காஞ்சிடுச்சா?"

அப்போதான் பார்த்தேன். கடைசி வரிசையில ஒரு மரம் பச்சை. கோணல் வேற. சிவப்பு நூல் பத்தாம போட்டிருப்பாங்கன்னு நினைச்சேன். அம்பத்தூர் போய் அதே சிவப்பு தேடி வாங்கினேன். பச்சையைப் பிரிச்சேன். ஒரு மத்தியானம் பூரா உட்கார்ந்து சிவப்புல போட்டேன். கூலி சேர்க்கல. சந்தோசப்படுவான்னு.

அவ வந்தா. பார்த்தா. விரலை அந்த இடத்துல வெச்சா.

"அது நான் போட்டது அக்கா. அஞ்சு வயசுல. அம்மா மடியில உட்கார்ந்துகினு."

குப்பைப் பையைக் கவுத்தேன். பச்சை கிடைச்சுது, நகம் நீளத்துக்குத் துண்டு துண்டா. ஊசியில ஏறாது. அவ பொறுக்கி போன் கவருக்குள்ள வெச்சுகினா.

என் சிவப்பை நானே பிரிச்சேன். வேற பச்சை நூல் எடுத்துக் கொடுத்தேன். ஸ்டூல்ல உட்கார்ந்து போட ஆரம்பிச்சா. பாதி மரத்துல நிறுத்திட்டா. நேரா வருது அக்கான்னா. பிரிச்சா. ஊசியை இடது கைக்கு மாத்தினா.

கோணலா வந்துச்சு.

பட்டம் வரைக்கும் காத்திருக்கல. சுடிதார் மேலயே மாட்டிகினா. நான்தான் போட்டோ எடுத்தேன். மரம் தெரியுற மாதிரி எடுக்கச் சொன்னா. வாட்ஸ்அப்ல அம்மாவுக்கு அனுப்பினா. ஒரு டிக் விழுந்துச்சு. போய்ச் சேர்ந்தா விழுற ரெண்டாவதுக்காக ரெண்டு பேரும் போனையே பார்த்துகினு இருந்தோம். ஆவடி வண்டி ரெண்டு போச்சு. விழல.

பட்டம் வாங்கினா. வேலை கிடைச்சு வேற நாட்டுக்குப் போயிட்டா. அந்தச் சிவப்பு நூல்கண்டு மிச்சம் இங்கதான் கெடக்குது. வேற எதுக்கும் எடுக்கல.

அவ நம்பர் என்கிட்ட கீது. ரெண்டாவது டிக் விழுந்துச்சான்னு கேக்கணும். போனை எடுக்கிறேன். வெச்சுடறேன்.