முப்பத்திரண்டாவது வாழ்த்துமடல்

குடிநீர் வழங்கல் அலுவலகத்தின் கிடங்கு எழுத்தருக்குச் சம்பளப் பட்டியலில் ஒரு பெயர் உண்டு. அந்தக் கட்டடத்தில் அதை யாரும் சொன்னதில்லை. எல்லாருக்கும் அவர் மடலக்கா. பத்தொன்பது வருடங்களில் அங்கிருந்து ஓய்வு பெற்ற முப்பத்தொரு பேருக்கும் வாழ்த்துமடல் எழுதிக் கொடுத்தவர் அவர்தான். உண்மையைச் சொல்வதானால் அவர் எழுதியது ஒரே ஒரு மடல். பெயரையும் தேதியையும் மாற்றி அதையே முப்பத்தொரு முறை கண்ணாடிச் சட்டம் போட்டுக் கொடுத்தார்கள். கடமையே கண்ணாக இருந்தவர், சிரித்த முகத்துக்குச் சொந்தக்காரர், அனைவரிடமும் அன்பாகப் பழகியவர், கடைசியில் 'தாங்கள் இல்லாமல் இந்த அலுவலகமே வெறிச்சோடிப் போகும்'. பணிக்காலம் முழுக்க மேஜைமேல் தலைவைத்துத் தூங்கிய மீட்டர் பரிசோதகர்கூட 'கடமையே கண்ணாக' என்ற இடத்தில் கைக்குட்டையைத் தேடினார். கேட்பவருக்குச் சந்தோஷம், எழுதுபவருக்கு வேலை மிச்சம். இதனால் ஒரு கெடுதலும் வரும் என்று மடலக்கா நினைக்கவில்லை.

கெடுதல் கல்லூரியில் காத்திருந்தது.

பட்டம் இல்லாதவர்களுக்குக் கண்காணிப்பாளர் பதவி கிடையாது என்று விதி. மடலக்கா குழாய்க்கும் வால்வுக்கும் வித்தியாசம் சொல்லிக்கொடுத்த மூன்று பேர் அவருக்கு மேலே போய், இப்போது அவர் பதிவேட்டிலேயே 'சரிபார்க்கப்பட்டது' என்று கையெழுத்துப் போட்டார்கள். அதைப் பார்க்கும்போதெல்லாம் அவருக்கு வயிறு எரிந்தது. அதனால் நாற்பத்தொரு வயதில் மாலைக் கல்லூரியில் சேர்ந்தார். மூன்று வருடத்தில் எல்லாத் தாள்களையும் தாண்டிவிட்டார், ஒன்றைத் தவிர. 'திறனாய்வுச் சிந்தனையும் பகுப்பாய்வு எழுத்தும்' என்ற அந்தத் தாளில் ஒருமுறை தோற்றும் இருந்தார். இந்தத் தடவையும் போனால் பதவி உயர்வுப் பட்டியல் மூடிவிடும். அடுத்த பட்டியல் எப்போது வரும் என்று கேட்டால், அந்த அலுவலகக் குழாயில் தண்ணீர் எப்போது வரும் என்று கேட்ட மாதிரிதான் எல்லாரும் சிரித்தார்கள்.

பாடம் எடுத்தவர் மடலக்காவைவிடப் பதினைந்து வயது இளையவர். குரல் மெலிசு, சிவப்புப் பேனா தடிமன். முதல் வாரமே ஒரு பத்திரிகைக் கட்டுரையின் நகலைக் கொடுத்தார். கைபேசி வந்த பிறகு மனிதர்களின் ஞாபகசக்தி பாதியாகிவிட்டது என்று யாரோ அதில் அடித்துச் சொல்லியிருந்தார். "இவர் வாதம் நிக்குதா, விழுதான்னு பார்த்து எழுதிட்டு வாங்க" என்றார்.

மடலக்கா நாலு பக்கம் எழுதினார். 'சிந்தனைச் சிற்பியாம் கட்டுரையாளர் அவர்கள்' என்று தொடங்கி, 'அன்னாரின் எழுதுகோல் மேலும் மேலும் சிறக்க வேண்டும்' என்று முடித்தார். இருபதுக்கு இரண்டு மதிப்பெண் வந்தது. கீழே, 'இதைப் படித்தால் கட்டுரையாளர் சந்தோஷப்படுவார். நான் படவில்லை' என்று சிவப்பில் இருந்தது. ஓரங்களில் நாலே நாலு கேள்விகள் திரும்பத் திரும்ப வந்தன. யார் சொன்னது? எப்படித் தெரியும்? சான்று எங்கே? அதனால் என்ன?

வகுப்பு முடிந்ததும் மடலக்கா ஆசிரியையின் மேஜைக்குப் போனார். "மேடம், ஒருத்தர் கஷ்டப்பட்டு எழுதினதை நாம எப்படிக் குறை சொல்றது? மனசு வரலியே."

"குறை சொல்ல வேணாம்ங்க. கேள்வி கேளுங்க, போதும். முதல்ல வீட்டுல ஆரம்பிங்க."

இதை அந்தப் பெண் யோசிக்காமல் சொல்லிவிட்டார். மடலக்காவின் கணவர் லிப்ட் பழுதுபார்ப்பவர். எங்கே இருந்தாலும் போனில் அவர் சொல்வது ஒன்றுதான்: "அஞ்சே நிமிஷம், வந்துட்டேன்." மடலக்கா பதினான்கு நாள் கடிகாரத்தைப் பார்த்து எழுதிவைத்தார். சராசரி முப்பத்தெட்டு நிமிடம் வந்தது. தாளை அவர் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார்.

"என்ன இது?"

"சான்று."

அவர் தாளைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார். "சாப்பாடு சூப்பர்" என்றார்.

"எந்த விதத்துல சூப்பர்? நேத்தும் சூப்பர்னீங்க. நேத்து உப்பே போடல."

"காரணம் சொன்னாதான் சோறுன்னா சொல்லிடும்மா, ஹோட்டல்ல சாப்ட்டுக்கறேன்."

மனிதர் அதற்குப் பிறகு ஒரு வாரம் வாயைத் திறக்கப் பயந்தார். மடலக்காவுக்கோ இத்தனை வருடம் மூக்கடைப்போடு இருந்துவிட்டு அன்றுதான் மூச்சு விட்டது போல இருந்தது. இதில் ருசி கண்டுவிட்டார்.

இறுதிக் கட்டுரைக்கு முப்பது மதிப்பெண். 'உங்கள் வாழ்க்கையில் நீங்கள் அதிகமுறை எழுதிய வாக்கியம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அது உண்மையா என்று சோதியுங்கள்.' மற்ற மாணவர்கள் தலையைச் சொறிந்தார்கள். மடலக்காவுக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. 'தாங்கள் இல்லாமல் இந்த அலுவலகமே வெறிச்சோடிப் போகும்.' முப்பத்தொரு முறை.

முப்பத்தொரு முறையும் அது பச்சைப் பொய் என்று ஒரே நாளில் தெரிந்துவிட்டது. வருகைப் பதிவேடு, தளவாடப் பதிவேடு, வேலைக் கணக்கு எல்லாவற்றையும் புரட்டினார். ஒருவர் போன அடுத்த வேலைநாளே அந்த நாற்காலியை யாராவது இழுத்துக்கொண்டு போயிருந்தார்கள். மீட்டர் பரிசோதகர் போன பிறகு வேலை கொஞ்சம் வேகமாகவே நடந்திருந்தது.

முப்பத்திரண்டாவது ஆள் மிச்சம் இருந்தார். மாதக் கடைசியில் மேலாளர் ஓய்வு பெறுகிறார். முதுகுக்குப் பின்னால் அவருக்குப் பெயர் முசுடு. பதினோரு வருடமாக எள்ளும் கொள்ளும் வெடிக்கும் முகத்தோடு மாடியேறி வருவார், கோப்பில் 'ஆதாரம் எங்கே?' என்று கிறுக்குவார், மதியம் ஒரு மணிக்கு அறைக்கதவைச் சாத்திக்கொண்டு தூங்குவார். அவருக்கு வாழ்த்துமடல் வாசிப்பதும் மடலக்காதான். மடலக்காவின் பதவி உயர்வுக்குப் பரிந்துரைக் குறிப்பு எழுத வேண்டியதும் அவர்தான். அதுவரை அவர் யாருக்கும் 'பணி திருப்தி' என்ற இரண்டு வார்த்தைக்கு மேல் எழுதியதில்லை. 'திருப்தி' வாங்கிய விண்ணப்பத்தைத் தேர்வுக் குழு பிரித்தும் பார்க்காது.

"ஒழுங்கா ஐஸ் வைங்கக்கா" என்றார் விழாக்களில் மைக் பிடிக்கும் வரவேற்பு எழுத்தர். "அன்புங்கற வார்த்தையை நாலு எடத்துல போடுங்க. குறிப்பு தானா வரும்."

மடலக்கா தலையாட்டினார். ஆனாலும் கை சும்மா இருக்கவில்லை. இரண்டு வாரம் முசுடு எப்போதெல்லாம் கத்தினார் என்று குறித்தார். மொத்தம் பதினான்கு. அதில் ஒன்பது முறை நகல் எடுக்கும் இயந்திரத்தைப் பார்த்து, மூன்று முறை மூடாத ஜன்னலைப் பார்த்து. மனிதர்கள்மேல் இரண்டே இரண்டு. அதில் ஒன்று மடலக்கா வாங்கியது, அது நியாயமான கத்தல்.

பிறகு புகார்ப் பதிவேட்டை எடுத்தார். தண்ணீர் வராதவர்கள் கொடுத்த புகார்கள், ஒன்பது தடிப் புத்தகங்கள். ஒவ்வொரு பக்கத்திலும் கடைசிக் கட்டத்துக்கு 'மனுதாரருக்குத் தெரிவித்த விவரம்' என்று தலைப்பு. அச்சகத்துக்காரன் வேலையில்லாமல் போட்ட கட்டம் என்றுதான் எல்லாரும் நினைத்திருந்தார்கள். ஆனால் அது நிரம்பியிருந்தது. சாய்ந்த கையெழுத்து, முசுடுவினுடையது. 'சொன்னேன். நாளை வரும்.' 'சொன்னேன். வராது என்று சொன்னேன். திட்டினார்.' 'வந்துவிட்டதாம்.' 'மறுபடி சொன்னேன். மறுபடி திட்டினார்.' மடலக்கா சாப்பாட்டை மறந்து எண்ணினார். இரண்டாயிரத்து முன்னூற்றுப் பதினாறு.

எழுதிவைத்தால் நடந்ததாகிவிடுமா என்று ஆசிரியையின் குரல் உள்ளே கேட்டது. மறுநாள் ஒரு மணிக்கு, கையில் ஒரு வால்வுப் பட்டியலைச் சாக்காக வைத்துக்கொண்டு, சாத்திய கதவுக்கு வெளியே நின்றார்.

"அம்மா, குழாய் உடைஞ்சிருக்கு. வியாழக்கிழமை வரைக்கும் வராது" என்று உள்ளே போனில் முசுடுவின் குரல். "வரும்னு சொன்னா உங்களுக்கு ஆறுதலா இருக்கும். ஆனா அது பொய். நீங்க பக்கெட்டை நிரப்பி வெச்சுக்கோங்க. திட்டறதா இருந்தா திட்டுங்க, கேட்டுக்கறேன்."

மடலக்கா பட்டியலோடு அப்படியே நின்றார். பதினோரு வருடமாக இந்த மனிதரைத் தூங்குமூஞ்சி என்று சொல்லிச் சிரித்தவர்களில் தானும் ஒருத்தி என்பது அவருக்கு அவமானமாக இருந்தது.

கட்டுரை எழுதிக் கொடுத்தார். விழாவுக்கு முதல் நாள் அது திரும்பி வந்தது. ஓரத்தில் மூன்று இடத்தில் 'நன்று'. முதல்முறையாக யார் சொன்னது, எப்படித் தெரியும், சான்று எங்கே என்ற மூன்றும் காணவில்லை. முடிவில் மட்டும், 'சரி. அதனால் என்ன? முடிவுப் பத்தியை எழுதித் திங்கட்கிழமை கொடுத்தால் பாஸ்.' மடலக்கா அன்று முழுக்க மண்டையைக் குடைந்துகொண்டார். அதனால் என்ன என்று அவருக்கே தெரியவில்லை.

விழா கூட்ட அறையில். ஈரக்கறை படிந்த சுவர், நாற்பது நாற்காலி, ஒரு பூங்கொத்து, பரிசாக ஒரு சுவர்க்கடிகாரம். மடலக்காவின் கையில் கண்ணாடிச் சட்டம், பைக்குள் கட்டுரை. குறிப்பு இன்னும் கையெழுத்தாகவில்லை. பேசாமல் பழைய மடலையே வாசித்துவிடுவது என்று முடிவு செய்திருந்தார்.

"அனைவரிடமும் அன்பாகப் பழகிய..." என்று தொடங்கினார். பின்வரிசையில் ஒருவர் களுக்கென்று சிரித்தார்.

முசுடு பழக்கதோஷத்தில் நிமிர்ந்தார். "இதுக்கு என்ன ஆதாரம்மா?"

அறை முழுக்கச் சிரித்தது. மைக் பிடித்தவர் பேயறைந்தது போல நின்றார். மடலக்கா ஒரு நிமிடம் சட்டத்தைப் பார்த்தார். பிறகு அதைக் கடிகாரத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் பையைத் திறந்தார்.

"ஆதாரம் இல்லிங்க சார். இருக்கறதை வாசிக்கறேன்."

"அக்கா, வேணாம்" என்றார் மைக் பிடித்தவர்.

மடலக்கா வாசித்தார். மேலாளர் அன்பாகப் பழகினார் என்று சொல்லப் போதிய சான்று கிடைக்கவில்லை. அவர் முசுடு என்பதற்கும் போதிய சான்று இல்லை, அவருடைய கோபம் பெரும்பாலும் நகல் இயந்திரத்தின்மேல்தான். மதியம் அவர் தூங்குகிறார் என்று நாம் எல்லாரும் சொன்னோம், நானும் சொன்னேன், ஒருவரும் கதவருகே போய்ப் பார்க்கவில்லை. பிறகு ஒன்பது பதிவேடுகளையும் இரண்டாயிரத்து முன்னூற்றுப் பதினாறு பேரையும் சொன்னார். 'மறுபடி சொன்னேன். மறுபடி திட்டினார்' என்பதை வாசித்தபோது யாரும் சிரிக்கவில்லை. தாள் அதோடு முடிந்துவிட்டது. மடலக்கா தாளைப் பார்க்காமல் பேசினார்.

"இவர் போனா ஆபீஸ் வெறிச்சோடாது. அதை நான் முப்பத்தொரு தடவை பொய்யா எழுதியிருக்கேன். இவர் நாற்காலியும் நாளன்னிக்கு யார்கிட்டயோ போயிடும். ஆனா அந்தக் கடைசிக் கட்டம் வெறிச்சோடிடும். அவ்வளவுதாங்க."

முசுடு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார், சட்டை நுனியால் வெகுநேரம் துடைத்தார், மாட்டிக்கொண்டார்.

"எண்ணிக்கை தப்பு" என்றார். "முன்னூத்துப் பதினேழு. நேத்து ஒண்ணு இருக்கு, பாக்கலியா?" பூங்கொத்தை எடுத்துக்கொண்டு தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

"முடிச்சிட்டீங்கக்கா" என்றார் மைக் பிடித்தவர். அவர் அதை என்ன அர்த்தத்தில் சொன்னார் என்று மடலக்கா கேட்கவில்லை.

மாலை ஐந்து மணிக்குக் குறிப்பு வந்தது. மடலக்கா உறையைப் பிரித்தார். 'இவர் எழுதிய முப்பத்திரண்டு மடல்களில் முப்பத்தொன்று ஒரே மடல், கோப்பில் உள்ள நகல்களை நான் ஒப்பிட்டுப் பார்த்தேன். முப்பத்திரண்டாவதில் ஒவ்வொரு வரிக்கும் ஆதாரம் உண்டு. எண்ணிக்கைப் பிழை ஒன்று. பதினோரு ஆண்டுகளில் கிடங்கில் ஒரு வால்வுகூடக் குறையவில்லை, அதையும் நான்தான் எண்ணினேன். பதவி உயர்வுக்குப் பரிந்துரைக்கிறேன்.' மடலக்கா அதை இரண்டு முறை படித்தார். மூன்றாவது முறை படிக்க எழுத்துத் தெரியவில்லை.

திங்கட்கிழமை காலை, விழாவில் கடைசியாகப் பேசியதையே முடிவுப் பத்தியாக எழுதிக் கல்லூரி அலுவலகத்தில் கொடுத்துவிட்டு வேலைக்கு வந்தார். முசுடுவின் நாற்காலியை அதற்குள் யாரோ கணக்குப் பிரிவுக்கு இழுத்துக்கொண்டு போயிருந்தார்கள். ஒரு மணிக்கு மடலக்கா கிடங்கிலிருந்து ஒரு முக்காலியை எடுத்துப்போய் அந்த அறையில் போனுக்கு முன்னால் போட்டு உட்கார்ந்தார். பதிவேட்டைத் திறந்து முதல் எண்ணைச் சுழற்றினார். பத்து நிமிடம் காதைக் கொடுத்துவிட்டுப் போனை வைத்தார். பிறகு கடைசிக் கட்டத்தில் எழுதினார்: 'சொன்னேன். திட்டினார்.'