காந்தம் வைத்து வாங்கிய தட்டு

போன வாரம் மச்சினன் சுகுமாரன் அமரவிளை எஸ்.டி.டி. பூத்திலிருந்து கூப்பிட்டான். ஃபர்னஸ் தட்டு உடைந்துவிட்டதாம். உடனே ஒன்று செய்து தர வேண்டுமாம். என் பிழைப்பு ஃபர்னஸ் என்கிற உலை செய்வது, எழுத்து ஞாயிற்றுக்கிழமை வேலை என்பது உங்களுக்குத் தெரியுமே.

போனை வைக்கப் போகிற நேரத்தில் இன்னொன்றும் சொன்னான் — தட்டு உடைந்ததில், வேலைக்கு வரும் சரோஜத்தின் காலில் நெருப்பாகப் பழுத்த கத்திகள் விழுந்துவிட்டனவாம். முதலில் தட்டு, அப்புறம் கால்! எனக்குச் சுர்ரென்று ஏறியது.

மறுநாள் காலை செங்கல் என்ற ஊரில் இருக்கும் அவன் பட்டறைக்குப் போனேன். ரப்பர் பாலுக்காக மரப்பட்டையைச் சீவும் கத்தி செய்கிறான். கத்திகளைத் தட்டில் அடுக்கி ஃபர்னஸுக்குள் வைத்து, செக்கச்செவேலென்று பழுத்ததும் தட்டோடு வெளியே இழுத்து எண்ணெயில் போட வேண்டும். சரோஜம் இழுக்கும்போதுதான் தட்டு நடுவில் ஒடிந்திருக்கிறது.

ஒடிந்த துண்டை எடுத்துப் பார்த்தேன். கருகிப்போய், பொருக்குப் பொருக்காகக் கையில் உதிர்ந்தது. எங்கே வாங்கினாய் என்றேன். பாத்திரம் செய்பவர்களுக்குத் தகடு விற்கும் கடையிலாம்.

"நல்ல எவர்சில்வரு ஆக்கும் அத்தான். காந்தம் வச்சு நோக்கித்தான் வாங்கினேன், ஒட்டல்ல" என்றான்.

எவர்சில்வர்! இந்தப் பெயரை வைத்த புண்ணியவான் யார்? சாம்பார் வாளிக்கு அது சரி. ஃபர்னஸுக்கு? பாத்திரத் தகட்டில் நிக்கலைக் குறைத்து மாங்கனீசைச் சேர்த்திருப்பார்கள். காந்தம் ஒட்டாது, பளபளக்கும், கொதிக்கிற குழம்பைத் தாங்கும். ஆனால் தினமும் பழுக்கக் காய்ச்சினால் தோல் உரியும், தொய்யும், ஒருநாள் ஒடியும். அந்தச் சூட்டுக்கென்றே 310 என்று ஒரு ரகம் இருக்கிறது — நூற்றுக்கு இருபத்தைந்து பங்கு குரோமியம், இருபது பங்கு நிக்கல். அதிலும் காந்தம் ஒட்டாது. அப்புறம் காந்தத்தை வைத்து என்னத்தைக் கண்டுபிடித்தான்?

கோபம் அதோடு நிற்கவில்லை. சரோஜம் அளவுக்கு மேல் கத்திகளை அடுக்கியதால்தான் உடைந்தது என்று ஊர் முழுக்கச் சொல்லியிருக்கிறான். அவளை நிறுத்திவிட்டு வேறு ஆள் வைக்கப் போகிறானாம். கடைக்காரன் தப்பவில்லையா? தப்பினான். முதலாளி? அவனும் தப்பினான். மாட்டியது வெந்த கால்.

சரோஜத்தின் வீட்டுக்குப் போனேன். கட்டுப்போட்ட காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். வேலை போய்விடுமோ என்பதுதான் அவள் கவலை.

"தட்டு தொய்ஞ்சு போச்சுண்ணு எத்தற வட்டம் சொன்னேன் சாறே… எவர்சில்வரு வளையாதுண்ணு சொல்லிட்டாரு. இப்போ குத்தம் எனக்காக்கும்" என்றாள்.

திரும்பி வந்து சுகுமாரனிடம் கத்தினேன். பட்டறையே வேலையை நிறுத்திவிட்டுக் கேட்டது. நன்றாகக் கேட்கட்டும் என்றுதான் கத்தினேன். குற்றம் தட்டின் மேல்தான் என்று சரோஜத்தின் வீட்டில் போய்ச் சொல்ல வேண்டும், கால் ஆறியதும் அவளுக்கே வேலை தர வேண்டும். இல்லையென்றால் என்னிடமிருந்து ஒரு ஆணிகூட வராது என்றேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் போனான்… ஆனால் போனான். சொன்னான்.

நேற்று 310-இல் செய்த புதுத் தட்டைக் கொண்டுபோய் இறக்கினேன். ஃபர்னஸ் சூடாகித் தயாராக இருந்தது. சரோஜம் வரும்வரை இழுக்கிற வேலை உன்னுடையது என்று கொக்கியை சுகுமாரன் கையில் கொடுத்தேன்.

கொக்கியைப் பார்த்தான். தன் காலைப் பார்த்தான். அப்புறம்தான் அந்தக் கேள்வி முதல்முறையாக அவன் வாயில் வந்தது.

"இது தாங்குமா அத்தான்?"