நூற்றுக்குக் கொஞ்சம் தள்ளி

துப்பாக்கி சுடும் கிளப்பில் அவளுக்குத் தலையாட்டி என்று பெயர். சும்மா வாய்க்கு வந்தபடி வைத்த பெயர் இல்லை. யாருடைய ரைஃபிளையாவது மணல் மூட்டைமேல் அசையாமல் கிடத்திவிட்டு, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, அதன்மேல் பொருத்திய குறிபார்க்கிற தொலைநோக்கியான ஸ்கோப்பில் கண்ணை வைத்துத் தலையை முதலில் மேலும் கீழும், பிறகு இடமும் வலமும் மெல்ல ஆட்டுவாள். தூரத்திலிருந்து பார்க்கிற புது ஆட்களுக்கு, இந்தம்மா துப்பாக்கி சொல்வதற்கெல்லாம் ஆமாம் போட்டுவிட்டு, அப்புறம் மனசு மாறி மறுக்கிறாளோ என்று தோன்றும்.

விஷயம் வேறு. வண்டி ஓட்டுகிறவருக்கு நாற்பதில் நிற்கிற வேகமுள், பக்கத்து இருக்கைக்காரருக்கு முப்பத்தைந்தில் நிற்கும். முள் நகரவில்லை, பார்க்கிற கண்தான் இடம் மாறியிருக்கிறது. ஸ்கோப்பிலும் இதே வம்புதான். உள்ளே தெரிகிற குறுக்குக்கோடும், நூறு மீட்டருக்கு அப்பால் இருக்கிற இலக்கு அட்டையின் பிம்பமும் ஒரே தளத்தில் வந்து உட்கார வேண்டும். உட்காராவிட்டால், கன்னம் துளி நகர்ந்தாலே கோடு அட்டையின்மேல் ஊர்ந்து போகும், குண்டும் பின்னாலேயே போகும். பக்கவாட்டில் இருக்கிற குமிழை மயிரிழை மயிரிழையாகத் திருப்பி, தலையை எப்படி ஆட்டினாலும் கோடு ஆணி அடித்தாற்போல நிற்கச் செய்வதைத்தான் பேரலாக்ஸ் சரிசெய்வது என்பார்கள். குமிழில் ஐம்பது, நூறு, இருநூறு என்று எண்கள் இருக்கும். அந்த எண்களை அப்படியே நம்புகிறவர்களைக் கண்டால் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"நம்பர் கம்பெனிக்காரன் போட்டது. பாக்கப்போறது அவனா நீங்களா?" என்பாள்.

அவளுடைய சொந்த ஸ்கோப்பிலும் கோடு நிற்கிற இடம் நூறு இல்லை. நூற்றுக்குக் கொஞ்சம் தள்ளி.

பிழைப்புக்குக் கண்ணாடிக் கடை வேலை. ஃபிரேமுக்குள் லென்ஸைப் பொருத்துவது, மூக்கில் வழுக்குவதை நிமிர்த்துவது, காதில் குத்துவதை வளைப்பது. ஒருநாள் கண்ணாடி வாங்க வந்த பேக்கரிக்காரர், "என் ஸ்கோப்பையும் கொஞ்சம் வந்து பாக்கறீங்களா?" என்று கிளப்புக்குக் கூட்டிப்போனார். போனாள், பார்த்தாள், ஆசைக்கு ஒரு தடவை சுட்டும் பார்த்தாள். அன்றைக்குப் பிடித்த பேய் இன்னும் இறங்கவில்லை.

கிளப் அணியில் நாலு பேர். மூன்று பேர் எந்த வருஷமும் அசைய மாட்டார்கள், அசைகிறது நாலாவது இடம் மட்டும்தான். அந்த இடம் வருஷா வருஷம் அவள் கைக்கு எட்டும், கடைசி நேரத்தில் பேக்கரிக்காரரிடம் போய்விடும். வெளியே சிரித்துக்கொண்டு கைகுலுக்குவாள். வீட்டுக்கு வந்து பாத்திரங்களை ஓசையோடு கழுவுவாள்.

"இந்த வருஷமும் போச்சுன்னா ரைஃபிளை வித்துட்டு பூச்செடி வளர்க்கப் போறேன்," என்று கணவரிடம் சொல்லிவிட்டாள். அவருக்குக் கதிகலங்கியது. அவள் கைபட்டு இதுவரை ஒரு செடியும் பிழைத்ததில்லை.

கணவருக்கு மருந்துக்கடையில் வேலை. அலமாரியில் ஒரு பெட்டிகூடக் கோணலாக நிற்காது, எல்லாப் பெயரும் முன்பக்கம் பார்த்திருக்கும். அந்த வியாதி வீட்டுக்கும் வந்துவிட்டது. சர்க்கரை டப்பா, உப்பு டப்பா, செருப்புகள், எல்லாம் வரிசை. அடுத்தவர் வீட்டுக்குப் போனாலும், சுவரில் சாய்ந்திருக்கிற படத்தை நிமிர்த்திவிட்டுத்தான் உட்காருவார். தங்கமான மனுஷன், ஆனால் கையைச் சும்மா வைத்திருக்கத் தெரியாது.

தேர்வுப் போட்டி நாள் காலையில், பூட்டிய இரும்பு அலமாரியிலிருந்து ரைஃபிளை எடுத்து, குண்டை உள்ளே தள்ளிப் பூட்டுகிற போல்ட்டைக் கழற்றித் தனியே வைத்துவிட்டு, மேசைமேல் கிடத்தினாள். பிறகு அடுக்களையில் சாப்பிட உட்கார்ந்தாள். அவருக்கோ இருப்புக்கொள்ளவில்லை. மனைவியின் பெரிய நாள், தன்னாலும் ஏதாவது ஆகவேண்டாமா? மெல்லிய துணியை எடுத்து ரைஃபிளை ஆசை ஆசையாகத் துடைத்தார். துடைக்கும்போது குமிழ் கண்ணில் பட்டது. நூறு மீட்டர் போட்டி, குமிழோ நூறைத் தாண்டிக் கோணலாக நிற்கிறது. அடடா, பதற்றத்தில் கவனிக்காமல் விட்டுவிட்டாள் போல என்று, கோட்டுக்குக் கோடு ஒட்டினாற்போல நூற்றில் வைத்தார். வைத்துவிட்டு மனசு நிறைந்து போனார்.

மைதானத்தில் இறங்கியதும் ஆளாளுக்கு அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். "அக்கா, எனக்கு ஒரு தடவை பாருங்க," "என்னோடது ஊருதுங்க." கடைசியாகப் பேக்கரிக்காரர் வந்து நின்றார்.

"என்னோட மோதப்போறதே நீங்கதான். உங்களுக்கும் நானே சரிபண்ணித் தரணுமா?"

"வேற யாரும்மா இருக்கா? நீங்க தலையாட்டாம நான் சுட்டா எனக்குக் கையே ஓடாது."

திட்டிக்கொண்டேதான் குனிந்தாள். ஆனால் வேலையில் வஞ்சகம் வைக்கத் தெரியாதவள். அவருடைய கோட்டையும் நிற்கவைத்துவிட்டுத் தன் விரிப்புக்கு ஓடி வந்தபோது மணி அடித்துவிட்டது. ஊருக்கெல்லாம் தலையாட்டியவள் தன்னுடையதைப் பார்க்கவில்லை. நேற்று சாயங்காலம் தானே வைத்ததுதானே என்ற தைரியம்.

ஒத்திகைக் குண்டுகளில் ஒன்று இடப்பக்கம் போனது, ஒன்று கீழே போனது. காற்று என்று நினைத்தாள். காற்றைக் காட்டுகிற கொடித்துணியோ தூங்கி வழிந்தது. மூச்சு சரியில்லை என்று நினைத்து மூச்சை அடக்கினாள். கணக்கில் சேர்கிற முதல் குண்டுக்குப் பத்துக்கு ஒன்பது, அடுத்ததுக்கு எட்டு. கண் முன்னால் பூந்தொட்டிகள் வரிசையாக வந்து நின்றன.

விரலை விசையிலிருந்து எடுத்தாள். கன்னத்தைத் தூக்கி, ஸ்கோப்பின் பின்னால் மெல்லத் தலையாட்டினாள். கோடு சாவகாசமாக அட்டையின்மேல் உலாப் போனது. குமிழைப் பார்த்தாள். நூறு. இம்மி பிசகாத நூறு. இவ்வளவு அழகாக வைக்க இந்த உலகத்தில் ஒரே ஓர் ஆளால்தான் முடியும்.

திரும்பிப் பார்வையாளர் பக்கம் பார்த்தாள். அவர் உற்சாகமாகக் கையசைத்தார். அவள் குமிழைச் சுட்டிக்காட்டினாள். அவர் கை அந்தரத்தில் நின்றது, பிறகு மெல்லத் தலைமேல் போய் உட்கார்ந்தது.

அவளுக்குக் கோபம்தான் முதலில் வந்தது. அந்த முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு முந்திக்கொண்டது. குப்புறப் படுத்தபடி குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். கண்காணிப்பாளர் ஓடி வந்து குனிந்தார்.

"என்னம்மா, உடம்புக்கு முடியலையா?"

"உடம்புக்கு ஒண்ணுமில்ல சார். வீட்டுக்காரரு."

சிரித்து முடித்தபோது தோள் லேசாகியிருந்தது. இத்தனை வருஷமாக நாலாவது இடம் நாலாவது இடம் என்று இறுக்கிப் பிடித்திருந்தது எங்கே போனதென்றே தெரியவில்லை. குமிழைத் திருப்பினாள், தலையாட்டினாள், கோடு நின்றது. அதற்கப்புறம் அவள் சுட்டது சுகமாக இருந்தது. பத்து, பத்து, மறுபடியும் பத்து. நடுவில் ஒரே ஓர் ஒன்பது எட்டிப்பார்த்தது, அவ்வளவுதான்.

பேக்கரிக்காரரைவிட ஒரு புள்ளி கூடுதல்.

விஷயம் தெரிந்து அவர் வந்து அவள் கையைப் பிடித்துக் குலுக்கு குலுக்கென்று குலுக்கினார். "உங்க வீட்டுக்காரரு எனக்காக இவ்வளவு பாடுபட்டும் நான் தோத்துட்டேனே!" கிளப்பே சிரித்தது. சம்பந்தப்பட்டவர் மட்டும் வண்டிக்குப் பின்னால் தண்ணீர் பாட்டிலோடு ஒளிந்து நின்றார்.

"எதுக்குங்க அதைத் தொட்டீங்க?"

"கோணலா இருந்துச்சும்மா," என்றார் பாவமாக.

வீட்டுக்கு வந்ததும் அவள் ஒரு வேலை செய்தாள். மருந்துப் பெட்டியில் ஒட்டுகிற வெள்ளைச் சீட்டு ஒன்றைப் பொடியாக நறுக்கி அவரிடமே கொடுத்து, குமிழில் தன் கோடு நிற்கிற இடத்தைக் காட்டி ஒட்டச் சொன்னாள். அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒட்டி, அதன்மேல் மணி மணியாக 100 என்று எழுதினார். கம்பெனிக்காரனின் நூறைக் கறுப்பு மையால் அழித்தார்.

"இனிமே நீங்களே துடைச்சு, நீங்களே வைங்க," என்றாள்.

கிளப்புகளுக்கிடையிலான போட்டியன்று அவர்தான் துடைத்தார், அவர்தான் வைத்தார். மைதானத்தில் மற்றவர்களைக் காத்திருக்கச் சொல்லிவிட்டு, அவள் முதலில் தன் ரைஃபிளின் பின்னால் குனிந்தாள். மேலும் கீழும். இடமும் வலமும். கோடு அசையவில்லை. பார்வையாளர் வரிசையில் அவர் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தார். அவள் ஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுத்து, அவரைப் பார்த்து இன்னொரு தடவை தலையாட்டினாள்.