மேலோட்டமான தழும்பு

வெர்னா பெல்கிக்கு வலது கை தோளுக்கு மேலே எழும்பாது. மெய்ன் மாநிலத்தின் வடகோடியில் அவள் வேலை பார்த்த உருளைக்கிழங்குக் கொட்டகையில் எல்லோருக்கும் அது தெரியும். ஏன் என்று மட்டும் தெரியாது. யாராவது கேட்டால், "என்னைச் செய்யும்போதே ஒரு திருகாணிய விட்டுட்டாங்க" என்று சிரித்து மழுப்பிவிடுவாள்.

அவள் கடற்படையில் இருந்தவள். இருபது வயதில் ஒரு பழுதுபார்க்கும் கப்பலின் சலவைக்கூடத்தில் நின்றுகொண்டிருந்தபோது, துணி தேய்க்கும் இயந்திரத்தின் நீராவிக் குழாய் பிய்த்துக்கொண்டது. அக்குளிலிருந்து இடுப்பு வரைக்கும் வெந்துபோயிற்று. பத்து நாள் கப்பல் மருத்துவரின் அறையில் கிடந்தாள். புண் ஆறியது. ஆறும்போதே தோல் சுருங்கி, கையைப் பக்கவாட்டில் பிடித்து இழுத்துக்கொண்டது. அதை வெளியே சொன்னால் கரையில் இறக்கிவிடுவார்கள். பெண்களைக் கப்பலில் ஏற்றியதே பலருக்குப் பிடிக்காத காலம் அது. ஒருத்தி இறங்கினாலும் போதும், "அப்பவே சொன்னோமே" என்று பேச ஆட்கள் தயாராக இருந்தார்கள்.

மேல்படுக்கைக்காரி ரோனெலிடம் மட்டும் சொன்னாள். ஒக்லஹோமாக்காரி, எருமை மாதிரி உடம்பு.

"யார்கிட்டயும் மூச்சு விடாத. செத்தாலும் சொல்லாத."

"சொல்ல மாட்டேன்டி. மேல தூக்கிப் போடற மூட்டையெல்லாம் நான் பாத்துக்கறேன். நீ கீழ இருக்கறத பாரு."

இரண்டு வருடம் வெர்னாவின் பங்கையும் சேர்த்து ரோனெல் தூக்கினாள். ஒருவருக்கும் தெரியவில்லை.

பிறகு வெர்னா ஊருக்கு வந்து, மரம் ஏற்றும் லாரி ஓட்டும் க்ளோவிஸைக் கல்யாணம் செய்துகொண்டாள். கோடையிலும் முழுக்கைச் சட்டைதான். குளிர்காலம் வந்தால் அந்தத் தோல் வெடித்து ரத்தம் கசியும், பனியன் ஒட்டிக்கொள்ளும். க்ளோவிஸ் வெதுவெதுப்பான தண்ணீரில் துணியை நனைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்தெடுப்பான். முப்பது வருடமாக அந்தத் தழும்பைப் பார்த்த மனிதன் அவன் ஒருவன்தான்.

ஐம்பத்து மூன்று வயதில் கை இன்னும் இறங்கியது. பெட்டி தூக்க முடியாதவளைக் கொட்டகையில் எத்தனை நாள் வைத்திருப்பார்கள்? நிறுத்திவிட்டார்கள். அப்போதுதான் க்ளோவிஸ் பிடிவாதம் பிடித்தான்.

"போய் பட்டாளத்துக்காரங்களுக்குத் தர்ற ஊன உதவித்தொகைக்கு மனுப் போடு. அவங்க கப்பல்ல வெந்த உடம்பு."

"கால் போனவன், கண்ணு போனவன் எல்லாம் வரிசையில நிக்கறான். அவங்க நடுவுல நான் போய்ச் சட்டைய அவுத்துத் தோலைக் காட்டணுமா?"

"ஆமா. காட்டணும்."

மாவட்ட அலுவலகத்தில் முன்னாள் படையினருக்கு மனு எழுதிக் கொடுப்பவள் மேவிஸ். அவளும் பட்டாளத்தில் இருந்தவள். ஆட்களை நன்றாகத் தெரிந்தவள். எல்லாத் தாள்களையும் நிரப்பிவிட்டு வெர்னாவை உற்றுப் பார்த்தாள்.

"டாக்டர் கேட்டா உள்ளதச் சொல்லு. உன் வீரத்தையெல்லாம் கார்லயே வெச்சுப் பூட்டிட்டுப் போ. கேக்குதா?"

"கேக்குது, கேக்குது."

பரிசோதனைக்கு ஜூலையில் நாள் கொடுத்தார்கள். மூன்று மணி நேரக் கார்ப் பயணம். வெயில் அடித்துத் தோல் பதமாக இருந்த நாள். சின்ன வயது டாக்டர், கணினியிலிருந்து தலையைத் தூக்காமலே, "எப்படி இருக்கீங்க மேடம்?" என்றார்.

"நல்லா இருக்கேன். ஒரு குறையும் இல்ல" என்றாள் வெர்னா. முப்பது வருடப் பழக்கம், வாய் தானாகச் சொல்லிவிட்டது.

சட்டையைக் கழற்றச் சொன்னார். பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றினாள். சுவரைப் பார்த்தபடி நின்றாள். டாக்டர் அளவு நாடாவை வைத்து நீளம், அகலம் எடுத்தார்.

"வலிக்குதா?"

"இப்ப இல்ல."

"வெடிக்குதா, ரத்தம் வருதா?"

"குளிர்காலத்துல கொஞ்சம்..."

"இன்னைக்கு இருக்கா?"

"இன்னைக்கு இல்ல."

ஒன்பது நிமிடத்தில் முடிந்துவிட்டது. காரில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் சொல்ல வேண்டியதெல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது.

"பனியன் ஒட்டிக்கறதச் சொன்னியா?" என்று கேட்டான் க்ளோவிஸ்.

"அவர் கேக்கல."

அவன் வண்டியைக் கிளப்பினான்.

அக்டோபரில் தீர்ப்புக் கடிதம் வந்தது. தழும்பு பணியில் ஏற்பட்டதுதான் என்று ஒப்புக்கொண்டிருந்தார்கள். ஆனால் அது மேலோட்டமானது, வலியில்லாதது, பரப்பளவும் போதாது. ஆகவே ஊனம் பூஜ்ஜியம் சதவீதம், பணம் கிடையாது. கை தூக்க முடியாததற்கும் தழும்புக்கும் தொடர்பில்லை. கப்பல் ஆவணங்களில் கையைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. கொட்டகையில் பல வருடம் பாரம் தூக்கியதால் வந்திருக்கலாம்.

க்ளோவிஸ் இரண்டு தடவை படித்தான். "தழும்பு எங்களோடதுதாங்கறான். ஆனா தழும்புல ஒண்ணுமே இல்லைங்கறான். குடிச்சிட்டு எழுதினானா?"

மேவிஸ் மனம் தளரவில்லை. "கப்பல்லயே உனக்குக் கை தூக்க வரலைன்னு பாத்தவங்க யாராவது இருக்காங்களா? ஒரு சாட்சிக் கடிதம் போதும், திரும்பப் பாக்க வெச்சிடலாம்."

ஒருத்திதான் இருந்தாள். கடைசியாகப் பேசிப் பதினோரு வருடம் கழித்து வெர்னா ரோனெலுக்குப் போன் போட்டாள். மறுமுனையில் ஒரே கூச்சல்.

"அடிப்பாவி, உயிரோடதான் இருக்கியா! கடிதமா? எழுதறேன்டி, மனசார எழுதறேன். எங்க அனுப்பணும்னு மட்டும் சொல்லு."

வெர்னா முகவரியைச் சொன்னாள். என்ன எழுத வேண்டும் என்று சொல்லக் கூச்சமாக இருந்தது. ரோனெலுக்குத் தெரியாததா என்று விட்டுவிட்டாள். ரோனெல் கடிதத்தை யாரிடமும் காட்டாமல் நேரே அலுவலகத்துக்கு அனுப்பிவைத்தாள்.

ஏப்ரலில், பனி உருகிச் சாலையெல்லாம் சேறாகக் கிடந்தபோது, இரண்டாம் தீர்ப்பு வந்தது. மேவிஸின் மேஜையில் வைத்துத்தான் வெர்னா அதைப் படித்தாள். ரோனெல் எழுதியதை அதில் அப்படியே எடுத்துப் போட்டிருந்தார்கள்: "அந்தக் கப்பலிலேயே பலசாலிப் பெண் வெர்னாதான். காயம் பட்டுப் பத்தே நாளில் வேலைக்குத் திரும்பினாள். தன் பங்கு மூட்டைகளைத் தானே தூக்கினாள். வலிக்கிறது என்று ஒருநாளும் அவள் வாயிலிருந்து நான் கேட்டதில்லை." அதன் கீழே, மனுதாரரின் சொந்தச் சாட்சியே மனுவுக்கு எதிராக இருப்பதால் மறுக்கப்படுகிறது என்று ஒரு வரி.

மேவிஸ் மேஜையில் ஓங்கித் தட்டினாள். "போன் பண்ணு அவளுக்கு. உண்மைய எழுதித் தரச் சொல்லு. ஒரு வருஷம் டைம் இருக்கு."

அன்று மாலையே வெர்னா போன் செய்தாள். அவள் பேச்செடுப்பதற்குள் ரோனெல் தொடங்கிவிட்டாள்.

"கடிதம் போச்சா? ஒரு வார்த்தை வெளிய விடலடி. நீ சத்தியம் வாங்கினியே, ஞாபகம் இருக்கா? முப்பத்து மூணு வருஷம். என் புருஷன்கிட்டகூட நான் சொன்னதில்ல." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டாள். "உதவித்தொகை கிடைச்சுதா உனக்கு?"

வெர்னா ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். க்ளோவிஸ் முற்றத்துச் சேற்றில் பலகை போட்டுக்கொண்டிருந்தான்.

"கிடைச்சுதுடி" என்றாள். "உன்னாலதான் கிடைச்சுது."

மறுமுனையில் ரோனெல் சந்தோஷத்தில் அழுதாள். வெர்னா அவள் அழுது முடிக்கும்வரை காத்திருந்து போனை வைத்தாள். வைத்துவிட்டு, இதற்குப் பிறகு அவளிடம் எதையும் கேட்க முடியாது என்று புரிந்துகொண்டு, நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

மேவிஸ் பலமுறை கூப்பிட்டாள். பிறகு கடிதம் போட்டாள். வெர்னா எதற்கும் பதில் சொல்லவில்லை. அந்த ஒரு வருடமும் கழிந்தது.

அடுத்த கோடைக்குள் கை தலை வாரும் உயரத்துக்கும் எழும்பாமல் போயிற்று. இடது கையால் வாரிப் பார்த்தாள், சிக்குத்தான் விழுந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை க்ளோவிஸ் சமையலறையில் நாற்காலி போட்டு, அவள் கழுத்தில் துண்டைச் சுற்றி, இடுப்பு வரை இருந்த முடியைக் காதளவுக்கு வெட்டத் தொடங்கினான். ஒழுங்காக வெட்ட அவனுக்குத் தெரியவில்லை. ஒரு பக்கம் ஏறியும் ஒரு பக்கம் இறங்கியும் இருந்தது.

"வலிக்குதா?" என்றான், அவள் தோள் குலுங்குவதைப் பார்த்து.

"இல்ல" என்றாள் வெர்னா. "நீ வெட்டு."