ஜெர்மனியில் ஒரு பேரம்

என் அம்மாவை ஒரு குட்டிப் பெண் என்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டது ஜெர்மனியில், ஒரு தெருச் சந்தையில். அவள் என் சித்தியின் மகள். என்னைவிட மூன்று வயது சின்னவள். தமிழில் சொன்னால் புரியும். பதில் மட்டும் ஜெர்மனில்தான் வரும்.

சித்திக்கு அப்போது நிறைமாதம். கூட இருந்து பார்த்துக்கொள்ள, அக்காவான என் அம்மாவைத் திருத்தணியிலிருந்து வரவழைத்திருந்தார்கள். பள்ளிக்கூடம் லீவு என்பதால் நானும் ஒட்டிக்கொண்டேன்.

சனிக்கிழமைதோறும் சித்தி வீட்டுப் பக்கத்துத் தெருவில் காய்கறிக் கடை போடுவார்கள். எங்கள் ஊர் மார்க்கெட்டில் அம்மா நுழைந்தாலே கீரைக்காரம்மாக்கள் உஷாராகிவிடுவார்கள். தமிழில் ஒரு சுற்று, ஆந்திராவில் நகரிப் பக்கத்திலிருந்து வருகிறவர்களிடம் தெலுங்கில் ஒரு சுற்று என்று பேரம் பேசித்தான் எதையும் வாங்குவாள். அப்பேர்ப்பட்டவள் அங்கே வாயில்லாமல் நின்றாள். பழக்கதோஷத்தில் ஒரு பீன்ஸை எடுத்து ஒடித்தும் பார்த்துவிட்டாள். கடைக்காரம்மா படபடவென்று திட்ட ஆரம்பித்தாள். சித்தி மகள் முன்னால் போய் ஜெர்மனில் ஏதோ சொன்னாள். கடைக்காரம்மா சிரித்துவிட்டு அவள் கையில் ஒரு பிடி செர்ரிப் பழம் கொடுத்தாள்.

"என் ராஜாத்தி, நீ இல்லன்னா பெரிம்மா இன்னா பண்ணுவேன்" என்று அம்மா அவள் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தாள். எனக்கு நெட்டி முறித்து எத்தனை நாளாயிற்று என்று நான் அங்கேயே யோசிக்க ஆரம்பித்துவிட்டேன். அதற்குப் பிறகு அம்மாவின் விரல் அவளிடம்தான் இருந்தது. சித்தி மகள் எனக்கும் இரண்டு செர்ரி கொடுத்தாள். தின்றேன். ருசியாக இருந்தது இன்னும் எரிச்சல்.

அடுத்த சனிக்கிழமை நான் முந்திக்கொண்டேன். தமிழ் புரியாதவர்களுக்குத் தெலுங்கு புரியும் என்பது எங்கள் ஊரில் தினமும் பார்க்கிற விஷயம். மற்ற ஊர்களிலும் அப்படித்தான் என்று நம்பி, அதே கடைக்காரம்மாவிடம் போனேன்.

"கிலோ எந்தக்கா? கொஞ்சம் தக்கிஞ்சக்கா" என்று, அம்மா தெலுங்கில் கிலோ என்ன விலை என்று கேட்டுக் குறைக்கச் சொல்கிற அதே இழுப்போடு கேட்டேன்.

கடைக்காரம்மா விழித்தாள். சித்தி மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். அது போகட்டும், அம்மாவும் சிரித்தாள். "நகரி மார்க்கெட்டுனு நெனச்சிகினியாடி" என்று கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அன்றைக்கு எங்களோடு வந்து, பின்னால் சுவரில் சாய்ந்து நின்றிருந்த சித்தி மட்டும் சிரிக்கவில்லை. என்னை இழுத்து வயிற்றோடு அணைத்துக்கொண்டாள்.

"இன்னொரு வாட்டி சொல்லும்மா. அக்கா கேக்கற மாதிரியே சொல்லு."

இவளும் கேலி செய்கிறாள் என்று வாயை இறுக மூடிக்கொண்டேன்.

சித்தி தன் மகளைக் கூப்பிட்டாள். "நீயாவது சொல்லுடி, கிலோ எந்தக்கா."

அவள் ஜெர்மனிலேயே என்னமோ பதில் சொல்லிவிட்டு என் அம்மாவிடம் ஓடிப்போனாள். அம்மா அவளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். சித்தி கொஞ்ச நேரம் அவர்களைப் பார்த்தாள். பிறகு என் தலையைத் தடவிக்கொண்டே, "உங்கம்மா குடுத்து வச்சவ" என்றாள்.

அந்தக் குட்டி கிடைத்ததைத்தான் சொல்கிறாள் என்று நினைத்து, நான் சித்தியின் கையைத் தட்டிவிட்டேன்.