தீபத்தன்று கழற்றிய ஆண்டெனா

2025 டிசம்பர் 3, கார்த்திகை தீபத்தன்று, திருவண்ணாமலைக்கு வெளியே உள்ள ஒரு தனியார் பொறியியல் கல்லூரியின் ஆய்வகம், தன்னிடம் சோதனைக்கு வந்த போர்டின் ஆண்டெனாவைத் தானே கழற்றிவிட்டு, 'மின்சுற்றில் கோளாறு' என்று அறிக்கை கொடுத்தது. அந்தப் போர்டை உருவாக்கிய தன்யகுமார் சுமத்தும் குற்றச்சாட்டு இதுதான்.

கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்துச் சமணக் குடும்பம் அவருடையது. பத்தாவதோடு படிப்பு நின்றது; மற்றதெல்லாம் இன்வெர்ட்டர் பழுது பார்க்கும் தன் கடையில் தானே கற்றது. மின்தடை எங்கே தொடங்கியது என்று கண்டுபிடிக்க, துணை மின்நிலையங்களின் கடிகாரங்கள் எல்லாம் ஒரே நொடியைக் காட்டியாக வேண்டும். வெளிநாட்டுக் கருவியின் விலை சிறு நிறுவனங்களுக்குக் கட்டுப்படியாகாது. செயற்கைக்கோளிலிருந்து நொடிக்கொரு துடிப்பை வாங்கி, அதைக் கொண்டு கடிகாரத்தை ஓட்டும் சாதாரண கிரிஸ்டலை ஓயாமல் திருத்திக்கொண்டே இருக்கும் மலிவான போர்டு ஒன்றை அவர் உருவாக்கினார். ஆய்வக அறிக்கை கிடைத்தால் எடுத்துக்கொள்வதாகச் சென்னை நிறுவனம் ஒன்று ஒப்புக்கொண்டிருந்தது.

அறிக்கை வந்தது. நிறுவனம் கைவிரித்தது.

நடந்ததைக் கல்லூரிக் காவலாளி ஆதிமூலம்தான் சொன்னார். கல்லூரி மொட்டை மாடியிலிருந்து மலையுச்சி நேராகத் தெரியும். தீபம் பார்க்க வந்த விருந்தினருக்கு நாற்காலி போட, அங்கே நிறுத்தியிருந்த ஆண்டெனாவைப் பிடுங்கி மாடிப்படிக்கு அடியில் வைத்துவிட்டார்களாம். வானம் பார்க்காத ஆண்டெனாவுக்குச் செயற்கைக்கோள் ஏது? திருத்த ஆளில்லாத கிரிஸ்டல் மார்கழியை நெருங்கிய குளிரில் தன் போக்குக்குப் பிசகியது.

ஆய்வகத் தலைவர் முருகையனைத் தன்யகுமார் நேரில் போய்ப் பார்த்தார். அவர் எதையும் மறுக்கவில்லை. உட்காரச் சொல்லி, டீ வரவழைத்தார்.

"கழட்டச் சொன்னதே நான்தாங்க. சேர்மன் வீட்டு ஆளுங்க வராங்கன்னா என்ன பண்றது? உங்க போர்டு நல்ல போர்டு. ஆனா எழுதிக் குடுன்னு மட்டும் கேக்காதீங்க."

"வாயால சொன்னா கம்பெனி ஒத்துக்காதுங்க சார்."

"ஊருக்கே டைம் காட்றவரு நீங்க. உங்க டைம் சரியில்லன்னு விட்டுடுங்க."

டீயைத் தொடாமல் எழுந்து வந்தார்.

அதற்குப் பிறகு அறிக்கையைப் பார்த்த இன்னொரு நிறுவனமும் போர்டைப் பிரிக்காமலே திருப்பி அனுப்பியது. மீண்டும் சோதிக்கச் சொல்லிக் கேட்டதற்குக் கல்லூரியிலிருந்து பதிலே இல்லை.

ஒரு மாலை, கடை மேசையில் உட்கார்ந்து, அறிக்கையின் நகலையும் செயற்கைக்கோள் தொடர்பு அறுந்த நேரத்தைப் போர்டு தானே பதிந்து வைத்திருந்த விவரத்தையும் இணைத்துக் கல்லூரி முதல்வருக்கு மனு எழுதினார். சமண வழக்கப்படி பொழுது சாய்ந்தபின் உண்ணாத வீடு அவருடையது. மனைவி சுனந்தா போனில் இருமுறை கூப்பிட்டாள். மூன்றாம் முறை, "இருட்டிடுச்சிங்க, நான் பாத்திரத்தைக் கழுவிட்டேன்," என்று மட்டும் சொல்லிப் போனை வைத்தாள். அவர் வெறும் வயிற்றோடு கடைசிப் பத்தியை எழுதினார்:

"ஆண்டெனாவைக் கழற்றியது யார், அறிக்கையில் அதை மறைத்தது ஏன், அறிக்கை எப்போது திருத்தப்படும் என்பவற்றுக்குக் கையொப்பத்துடனும் முத்திரையுடனும் எழுத்துமூலம் பதில் தரவேண்டும். நேரில் அழைத்துச் சொல்லும் பதிலை நான் ஏற்பதற்கில்லை."