உள்பக்கம் திறக்கும் கதவு

அடையாற்றில் எங்கள் ஃப்ளாட்டின் குளியலறையில், வாஷ்பேசினுக்குக் கீழே ஒரு சின்ன அலமாரி இருந்தது. மரத்தூளை அமுக்கிச் செய்த பலகை, மேலே தேக்கு மாதிரி ஒட்டிய மைக்கா. வாஷ்பேசின் குழாய் ரொம்ப நாளாகச் சொட்டியதில் அடிப்பலகை டீயில் நனைத்த பன் போல உப்பிக்கொண்டது. ஒருநாள் என் மனைவி பினாயில் பாட்டிலை உள்ளே வைத்தாள். பாட்டில் பலகையைப் பொத்துக்கொண்டு தரைக்குப் போய் நின்றது.

ஆசாரியைக் கூப்பிடலாம் என்றாள் அவள். நான் ஒப்புக்கொள்ளவில்லை. நான் ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார். கனச்செவ்வகத்தின் நீள அகல உயரத்தை ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுத்தவனுக்கு, நிஜமான கனச்செவ்வகம் ஒன்றை மாட்டத் தெரியாதா? முதலில் குழாய்க்குப் புது வாஷர் போட்டேன். ஒழுகல் நின்றுவிட்டது. நிற்காமல் இருந்திருந்தால் பின்னால் வந்தது எதுவும் வந்திருக்காது.

தி.நகரில் ஒரு கடையில், தண்ணீர் பட்டாலும் ஊறாத பிவிசி அலமாரியைப் பாகம் பாகமாக அட்டைப்பெட்டியில் போட்டு விற்றார்கள். வாங்கிப்போய் நாமே பூட்டிக்கொள்ள வேண்டும். வாஷ்பேசினின் அளவைத் துண்டுச்சீட்டில் எழுதிக்கொண்டு போயிருந்தேன். விற்றவர், கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்று கேட்டார். அலமாரிக் கதவைத்தான் கேட்கிறார் என்று நினைத்து, இது என்ன கேள்வி என்கிற முகத்தோடு முன்பக்கம் என்றேன். அவர் குளியலறைக் கதவைக் கேட்டிருக்கிறார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மயிலாப்பூரில் என் மைத்துனரின் பங்குக் கோவிலான சர்ச்சில் திருவிழா. பூசை முடிந்து அவரும் அவர் மனைவியும் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வருவதாக ஏற்பாடு. முழங்கால் வலி என்று பொய் சொல்லி நான் வீட்டில் தங்கிவிட்டேன். அவர்கள் வரும்போது புது அலமாரி பளபளவென்று நிற்க வேண்டும் என்பது திட்டம். மனைவி மட்டும் பூசைக்குக் கிளம்பி, வாசற்கதவை இழுத்துச் சாத்திவிட்டு, சாவியை எடுத்துக்கொண்டு போனாள்.

பழையதை உடைத்து பால்கனியில் போட்டேன். புதியதன் பலகைகளைக் குளியலறைத் தரையில் பரப்பியதும் கால் வைக்க இடமில்லை. அதனால் கதவைச் சாத்திக்கொண்டேன். பலகைகளைப் பூட்டி முடித்து, அலமாரியை வாஷ்பேசினுக்கு அடியில் தள்ளி, டிரில்லரால் சுவரோடு முடுக்கினேன். பிறகு ஓரமெல்லாம் சிலிக்கான் பசை. ஒரு குழாய் முழுவதையும் பிதுக்கினேன். நோவா காலத்து வெள்ளம் வந்தாலும் இது அசையாது என்று திருப்தியாக நின்று பார்த்தேன். அப்புறம் கதவைத் திறந்தேன்.

நாலு விரல் அளவு திறந்தது. மேற்கொண்டு வரவில்லை. பழைய அலமாரியை விடப் புதியது ஒரு கையளவு முன்னால் துருத்திக்கொண்டிருந்தது. அதன் ஸ்டீல் கைப்பிடி குளியலறைக் கதவை முட்டி நிறுத்தியது. நீளமும் உயரமும் அளந்த நான், மூன்றாவதை அளக்கவே இல்லை.

சுவர் ஸ்க்ரூக்களைக் கழற்றப் பார்த்தேன். டிரில்லர் இரண்டு தடவை முனகிவிட்டு, சார்ஜ் தீர்ந்து நின்றது. கை ஸ்க்ரூடிரைவர் சாப்பாட்டு மேஜையில். போன் நனைந்துவிடக் கூடாதென்று அதுவும் அங்கேதான்.

வாளியைக் கவிழ்த்து ஏறி நின்று, வென்டிலேட்டர் வழியாகப் பார்த்தேன். கீழே எங்கள் வாட்ச்மேன் மோட்டார் போட்டுக்கொண்டிருந்தார். மெதுவாகக் கூப்பிட்டேன். மோட்டார் சத்தத்தில் கேட்கவில்லை. கத்தினேன். அக்கம்பக்கத்து ஜன்னல்களுக்கும் சேர்த்துக் கேட்டிருக்கும்.

"இன்னா சார், பாத்ரூம்ல மாட்டிக்கினீங்களா?"

ஆமாம் என்பதை எத்தனை கௌரவமாகச் சொல்ல முடியுமோ அத்தனை கௌரவமாகச் சொன்னேன். சாவி இல்லாமல் அவரால் மேலே வந்தும் பயனில்லை. அம்மா வந்ததும் கீழேயே சொல்லிவிடுவதாக வாக்குக் கொடுத்தார். விருந்தாளிகள் முன்னால் சொல்ல வேண்டாம் என்று கேட்க வாயெடுத்தேன். அதையும் கத்தித்தான் சொல்ல வேண்டும் என்பதால் விட்டுவிட்டேன்.

அவர் வாக்குத் தவறவில்லை. மூவரும் நேராகக் குளியலறை வாசலுக்கே வந்தார்கள். கதவிடுக்கில் முதலில் என் மனைவியின் ஒரு கண் தெரிந்தது. அது என்னைப் பார்த்தது, அலமாரியைப் பார்த்தது, திரும்ப என்னைப் பார்த்தது.

"முழங்கால் இப்ப எப்படிங்க இருக்கு?"

பரவாயில்லை என்றேன்.

மைத்துனர் பட்டுவேட்டியை மடித்துக் கட்டுவது இடுக்கில் தெரிந்தது. "மாப்ள, தள்ளி நில்லுங்க. ஒரே உதை."

"வேணாம்ண்ணா," என்றாள் மனைவி. "கதவு ஒடஞ்சா அதையும் இவரே மாட்டுறேன்னு நிப்பாரு."

ஸ்க்ரூடிரைவரை இடுக்கு வழியாக அவள்தான் நீட்டினாள். சுவர் ஸ்க்ரூக்கள் கழன்றுவிட்டன; சிலிக்கான் விடவில்லை. கடையில் சொன்னதை விடவும் நல்ல பசை. கடைசியில் கைப்பிடிகளையும் அலமாரியின் இரண்டு கதவுகளையும் கழற்றியதில் இடுக்கு ஒரு சாண் அகலமானது. தலையும் தோளும் வந்துவிட்டன. வயிறு வரவில்லை. மூச்சை முழுக்க வெளியே விடச் சொன்னார் மைத்துனர். விட்டேன். அவர் கையைப் பிடித்து இழுக்க, பனியனில் பாதியை நிலையின் கொக்கிக்குக் கொடுத்துவிட்டு வெளியே விழுந்தேன். மைத்துனர் மனைவி மரியாதைக்காகச் சுவரில் இருந்த காலண்டரையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் தோள் மட்டும் குலுங்கிக்கொண்டிருந்தது.

சாப்பாட்டில் யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. மட்டன் குழம்பு நன்றாக இருக்கிறது என்று தேவைக்கு அதிகமாகவே சொன்னார்கள். பாயசம் வந்தபோது மைத்துனரால் முடியவில்லை. புரையேறும் வரை சிரித்தார். நானும் சிரித்தேன். வேறு வழியில்லை.

அலமாரியைப் பெயர்த்தால் சுவர் டைல்ஸும் கூட வரும் என்றார் மறுநாள் வந்த ஆசாரி. அதனால் அலமாரி இருந்த இடத்திலேயே இருக்க, கதவைத்தான் திருப்பி மாட்டினார். இப்போது அது வெளிப்பக்கம், சமையலறைக்குப் போகும் வழியில் திறக்கிறது. முதல் வாரமே காபியோடு வந்த மனைவியின் கைமுட்டியில் கதவால் இடித்தேன். அதிலிருந்து வெளியே வருவதற்கு முன் நான் "வர்றேன்" என்று குரல் கொடுக்க வேண்டும். அவள் "வாங்க" என்றால்தான் தாழ்ப்பாளைத் தொடலாம். சில நாள் அவள் பால் பொங்குவதைப் பார்த்துக்கொண்டு பதிலே சொல்வதில்லை. நான் உள்ளேயே நிற்கிறேன்.